மூன்றாம் அடுக்கில் கூடுதல் வரிகள்

மூன்றாவது அடுக்கின் பட்டியலில் ஒரு வரி கூடுதலாக இருந்தது.

அப்படி இருக்க வழியில்லை. ஆறு வருடமாக அவள் சோறு தின்பதே இந்தப் பட்டியலால்தான். மேசைக்கடியில் ஒரு நிஜக் கணினி, அது முதல் அடுக்கு. அதற்குள் மென்பொருளால் ஆன இன்னொரு கணினி. அதற்கும் உள்ளே மூன்றாவது. ஒவ்வொரு அடுக்கிலும் பிராசஸருக்கு என்னென்ன வசதிகள் இருக்கின்றன என்று கேட்டு, வருகிற பதிலை ‘உண்டு’, ‘இல்லை’ என்று குறிக்க வேண்டும். வெளி அடுக்கில் இல்லாதது உள் அடுக்கில் இருக்காது. நிஜக் கணினியில் நூற்றுப்பன்னிரண்டு வரிகள். மூன்றாவதில் நூற்றுப்பதின்மூன்று. கடைசி வரிக்குப் பெயர் இல்லை. எதிரே ‘உண்டு’ என்று மட்டும் இருந்தது.

பெயர் தெரியாத வசதியை மறைத்துவிடுவது அவர்கள் பிரிவின் வழக்கம். மறைத்தால் அது எங்கும் போய்விடாது. உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். கையால் மறைத்து அலுத்துப்போய், போன வாரம் அவளே ஒரு சின்ன புரோகிராம் எழுதியிருந்தாள். தெரியாத வரியைக் கண்டால் மறைக்கும், மறுபடி தேடும், பட்டியல் சுத்தமாகும்வரை நிற்காது. அதை ஓடவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மதியம், ஜன்னலில்லாத அறை. வேலை முடிந்தால் போதும் என்றிருந்தது.

போன் அடித்தது. கீழே தரைத்தளத்தில் காரோடு காத்திருக்கும் கணவன்.

“முடிஞ்சுதா இல்லையா? உன் பொண்ணு என் மண்டையத் தின்னுட்டிருக்கா.”

“பத்து நிமிஷங்க.”

“உன் பத்து நிமிஷம் எனக்குத் தெரியாதா? இந்தா, நீயே சொல்லு அவகிட்ட.”

“அம்மா, அப்பா பாடுறாங்க. நிறுத்தச் சொல்லும்மா.”

அவள் சிரித்துக்கொண்டே போனை வைத்தபோது, அந்த அறையில் காலையிலிருந்து காதை அடைத்துக்கொண்டிருந்த, பற்களின் வேர்வரை அதிர்ந்துகொண்டிருந்த மின்விசிறிகளின் ஓயாத இரைச்சல், யாரோ ஈரத்துணியால் பலகையைத் துடைத்ததுபோல இல்லாமல் போயிருந்தது.

குனிந்து பார்த்தாள். விசிறிகள் சுற்றின. உள்ளங்கையை நீட்டினாள். சூடான காற்று பட்டது. விரலைச் சொடுக்கினாள், அது கேட்டது.

திரையில் ஒரு வரி வந்திருந்தது. மறைக்கப்பட்டது: 113. அடுக்கு: 0.

எந்த அடுக்கில் மறைப்பது என்று புரோகிராமில் எழுத மறந்திருந்தாள். அது மூன்றை எடுத்திருக்கலாம், ஒன்றை எடுத்திருக்கலாம். பூஜ்யத்தை எடுத்திருந்தது. நிஜக் கணினிக்கு வெளியே அடுக்கு ஏதும் கிடையாது. இந்த அறைதான் இருந்தது.

மறைக்கப்பட்டது: 114. அடுக்கு: 0.

சூடேறிய பிளாஸ்டிக்கின் நெடி, தரைவிரிப்பின் பழைய ஈரவாடை, மேசையில் ஆறிக்கிடந்த காபியின் மணம் மூன்றும் ஒன்றாக விலகின. கோப்பையை எடுத்து மூக்கருகே வைத்தாள். கறுப்புத் தண்ணீர்.

நிறுத்தும் விசையை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். மேசைக்கடியில் தவழ்ந்துபோய் ஒயரைப் பிடுங்கினாள். விசிறிகள் தளர்ந்து நின்றன. எழுந்து பார்த்தாள்.

திரை எரிந்துகொண்டிருந்தது.

மறைக்கப்பட்டது: 115. அடுக்கு: 0.

அறையைச் சுற்றிப் பார்த்தாள். நாற்காலி. கதவு. விளக்கு. தன் கைகள். எல்லாம் இருந்தன. எது போனது? எதுவும் போகவில்லை. இந்த அறையில் எதுவும் போகவில்லை.

போனை எடுத்தாள். கணவனை அழைத்தாள்.

“கிளம்புங்க. அவளக் கூட்டிட்டு உடனே வீட்டுக்குப் போயிடுங்க.”

“யார?”

“விளையாடாதீங்க.”

“நான் எங்க விளையாடுறேன்? தனியா உக்காந்து கொட்டாவி விட்டுட்டிருக்கேன். யாரக் கூட்டிட்டுப் போகணும்?”

பெயரைச் சொல்ல வாயைத் திறந்தாள். நாக்கு மேலண்ணத்தைத் தொட்டு நின்றது. பெயர் வரவில்லை.

திரையில் பச்சை எழுத்து. பட்டியல் சுத்தம்.

படிக்கட்டில் இறங்கினாள். நான்கு மாடி. ஆளில்லாத படிகள். தரைத்தளத்தில் அவர்கள் கார் மட்டும் நின்றது. அவன் கண்ணாடியை இறக்கினான்.

“என்னாச்சு, பேய் துரத்துன மாதிரி ஓடி வர்ற?”

அவள் பின்கதவைத் திறந்தாள்.

காலி இருக்கை.

சீட் பெல்ட் பூட்டியிருந்தது. தொய்ந்து கிடக்கவில்லை. இருக்கையிலிருந்து ஒரு சாண் முன்னால், ஒன்றுமில்லாததைச் சுற்றி வளைந்து, இறுக்கமாக நின்றது.

ஏறியது. இறங்கியது. ஏறியது.

வேகமாக.

பிறகு அவள் நின்ற பக்கமாக இழுபட்டது.