துரைக்கு வெயில் வேண்டும்

துரை மூன்று நாளாகத் தயிர்சாதத்தைத் தொடவில்லை.

துரை என்றால் வெள்ளைக்காரத் துரை இல்லை. பாகீரதி வளர்த்த ஆமை. அது தலையை நிமிர்த்தி நடக்கிற மிடுக்கைப் பார்த்து, "எங்க எஸ்டேட் துரை தோத்தார் போ" என்று அப்பா வைத்த பெயர்.

அப்பா சுந்தரராமனுக்குப் பொன்முடி தேயிலை எஸ்டேட்டில் குமாஸ்தா வேலை. கரமனை அக்ரகாரத்து வீட்டில் பாகீரதியும் அம்மா ஜெயலக்ஷ்மியும் மட்டும்தான். அப்பா நாலு மாதத்துக்கு ஒருமுறை வருவார், மூன்று நாள் இருப்பார், போய்விடுவார். அவர் போன பிறகு கொடியில் அவருடைய துண்டு மட்டும் தொங்கும். அதை எடுத்து மடிக்கப் பாகீரதி யாரையும் விடமாட்டாள்.

போன தடவை வந்தபோது, கல்லாற்றில் பிடித்த குட்டி ஆமையை ஒரு தகர டப்பாவில் வைத்துக் கொண்டுவந்தார். "தீபாவளிக்கு வரேன். அதுவரைக்கும் இவனை நீதான் பாத்துக்கணும், கேட்டியா?" என்றார்.

அம்மாவுக்கோ பயம். "ஆமை வீட்டுக்குள்ள வந்தா ஆகாதும்பா. பக்கத்தாத்து மாமி பாத்தா தெரு முழுக்கத் தமுக்கடிப்பா" என்றாள். அதனால் துரையை விறகு அறையின் மூலையில், யார் கண்ணிலும் படாத கல்தொட்டியில் விட்டார்கள். அங்கே பகலிலும் இருட்டுத்தான்.

பாகீரதி தன் பங்குத் தயிர்சாதத்தில் தினமும் ஒரு கவளம் எடுத்து வைப்பாள். துரையின் தொண்டையில் மாட்டிக்கொள்ளக்கூடாதே என்று கடுகைக்கூட ஒவ்வொன்றாகப் பொறுக்கிவிடுவாள். துரையும் ஆரம்பத்தில் சாப்பிட்டது. பிறகு மோந்து பார்த்தது. இப்போது அதுவும் இல்லை. கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன. முதுகு ஓடு விரலால் தொட்டாலே வாழைப்பழத் தோல் மாதிரி அமுங்கியது.

அன்றைக்குப் பார்த்து அஞ்சலில் அப்பாவின் அட்டை வந்தது.

"இங்கே ஒரே மூடுபனி. வெயிலைப் பார்த்து ஒன்பது நாள் ஆகிறது. சமையல் என் கையால்தான் என்பதால் சாப்பாட்டைப் பற்றிக் கேட்காதே. துரை சௌக்கியமா? அவனும் நீயும் ஒன்றாகச் சாப்பிடுவதை நினைத்துக்கொண்டுதான் தினமும் தூங்கப் போகிறேன்."

பாகீரதிக்கு அப்பாவை உடனே பார்க்க வேண்டும்போல் இருந்தது. பார்த்தால் என்ன சொல்வது என்று பயமாகவும் இருந்தது. கடைசியில், "துரை சௌக்கியம். நன்றாகச் சாப்பிடுகிறார்" என்று பதில் எழுதினாள். எழுதிப் போட்ட பிறகு அவளுக்கே சாப்பாடு இறங்கவில்லை.

"அதுவும் சாப்பிடலை, நீயும் சாப்பிடலை. ரெண்டு பேரும் சொல்லிவெச்சுண்டேளா?" என்றாள் அம்மா.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கரமனைப் பாலத்தில் பாகீரதி நின்றுவிட்டாள். கூட வந்தவள் எலிசாள். ஒரே வகுப்பு. சொந்த ஊர் நெய்யாற்றின்கரைப் பக்கம்.

கீழே ஆற்றின் நடுவில் ஒரு பாறை. பாறைமேல் நாலு ஆமைகள். காலையும் கழுத்தையும் நீட்டிக்கொண்டு, வேறு வேலையே இல்லாமல் வெயிலில் கிடந்தன.

"செத்துப்போச்சா?" என்றாள் பாகீரதி.

"நல்லா கேட்டே போ. வெயில் காயுது பிள்ளே. எங்க குளத்திலயும் இப்படித்தான். பசிச்சா தண்ணியில இறங்கி நத்தையைக் கடிச்சுத் தின்னும். மொடக்கு மொடக்குன்னு கேக்கும்."

"தயிர்சாதம் திங்காதா?"

எலிசாள் சிரித்த சிரிப்பில் பாறைமேல் இருந்த நாலும் தண்ணீருக்குள் குதித்துவிட்டன.

பாகீரதி சிரிக்கவில்லை. வெயிலே இல்லாத மூலை. ஏறி உட்கார ஒரு கல்கூட இல்லாத தொட்டி. வாயில் வைக்கத் தயிர்சாதம். பத்திரமாகப் பார்த்துக்கொள்வதாக நினைத்து இத்தனை நாளும் துரையை வதைத்திருக்கிறோமே என்று பட்டதும் ஓட ஆரம்பித்தாள்.

வீட்டுக்கு வந்ததும், "அம்மா, தொட்டியைக் கொல்லையில கிணத்தடிக்கு மாத்தணும்" என்றாள்.

"மாமி பாத்துடுவாளே."

"பாக்கட்டும். வீட்டுக்குள்ள வந்தாத்தானே ஆகாது? நாமதான் உள்ள ஒளிச்சு வெச்சிருக்கோம். கொல்லை வெளியிலதானே இருக்கு?"

அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

துரையைத் தகர டப்பாவில் விட்டுவிட்டு, இருவரும் தொட்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். உடைந்த அம்மிக்கல் ஒன்றைப் பாகீரதி அதில் சாய்த்து வைத்தாள். துரை ஏறி உட்கார அது. சூடு அதிகமானால் ஒதுங்க, ஒரு பக்கம் மட்டும் தென்னங்கீற்று. இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுவது என்றும் தீர்மானித்தாள்.

மறுநாள் காலையில் ஆற்றில் குளித்துவிட்டு வரும்போது ஒரு செம்பு நிறையப் பாசி கொண்டுவந்தாள். அம்மா செம்புக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என்னடி இது?"

"பாசி."

"பாசி நடக்கறதே."

பாசியில் ஒட்டிக்கொண்டிருந்த நத்தை ஒன்று செம்பின் விளிம்புக்கு வந்துவிட்டது. பாகீரதி தலையைக் குனிந்துகொண்டாள். இந்த வீட்டில் முட்டைகூட நுழைந்ததில்லை.

"அம்மா, அதுக்குச் சாதம் ஒத்துக்கலை. அப்பா வரச்சே அது இருக்கணும்" என்றாள்.

அம்மா செம்பைப் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "பாசிதானே? கொண்டுபோய்த் தொட்டியில போடு. நான் ஒண்ணும் பாக்கலை. செம்பை மட்டும் இனிமே சமையல்கட்டுக்குக் கொண்டுவராதே" என்று உள்ளே போய்விட்டாள்.

பக்கத்து வீட்டுச் சரஸ்வதியம்மாள் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். "ஆமையா அது?"

"ஆமாம் மாமி. வெளியிலதான் இருக்கு."

மாமி யோசித்துப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். சமையல்கட்டு ஜன்னல் வழியாக அதைப் பார்த்த அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அன்று சாயங்காலம் பாகீரதி இன்னொரு அட்டை எழுதினாள். "அப்பா, நான் பொய் எழுதிவிட்டேன். துரை சௌக்கியமாக இல்லை. ஆனால் ஆகிவிடுவார்."

எட்டு நாள் துரை கல்மேல் சும்மா கிடந்தது. ஒன்பதாம் நாள் ஒரு கண் திறந்தது. அதற்கு இரண்டு நாள் கழித்து, கிணற்றடியில் மொடக்கு என்று ஒரு சத்தம். பாகீரதி ஓடிப் போய்ப் பார்த்தாள். துரை எதையோ மென்றுகொண்டிருந்தது. அன்றைக்கு அவள் மூன்று முறை சாதம் வாங்கிச் சாப்பிட்டாள்.

தீபாவளிக்கு முதல் நாள் காலையில் அப்பா வந்தார். பாகீரதி வாசலிலேயே அவர் கையைப் பிடித்துக் கொல்லைக்கு இழுத்துப் போனாள். காலடிச் சத்தம் கேட்டதும் துரை கல்லிலிருந்து தொபுக்கென்று தண்ணீரில் குதித்தது. அப்பா அதை எடுத்து முதுகு ஓட்டை அழுத்திப் பார்த்தார். அது இப்போது அமுங்கவில்லை. துரையைத் திரும்பத் தண்ணீரில் விட்டார்.

"பொய்யும் எழுதினே, நெஜமும் எழுதினே. ரெண்டு அட்டையும் பெட்டியில இருக்கு" என்றார். "அந்த ரெண்டாவது அட்டையைத்தான் தினமும் எடுத்துப் படிப்பேன்."

பாகீரதி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. பனியிலேயே கிடந்து முகம் வெளுத்திருந்தது. மூன்று நாளில் திரும்பிப் போய்விடுவார்.

அவள் உள்ளே ஓடி மணையை எடுத்துவந்து, தொட்டிக்குப் பக்கத்தில், கீற்று மறைக்காத இடத்தில் போட்டாள்.

"உக்காருங்கோ அப்பா. வெயில் போற வரைக்கும் எழுந்துக்கப்படாது. அம்மா சாதம் பிசைஞ்சு கொண்டுவருவா."

அப்பா சிரித்துக்கொண்டே கால் நீட்டி உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் துரையும் கல்மேல் ஏறி வந்து, கழுத்தை நீட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டது.