விலக்கு

காலியாக இருக்க வேண்டிய குரூப்பில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது.

முருகலட்சுமி கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டா நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி திரையைப் பார்த்தாள். அங்கேயேதான் இருந்தது. இராமநாதபுரத்தில் அந்த இறால் கம்பெனியின் தலைமை அலுவலகம் ஆளில்லாமல் போய், மின்விசிறிகள் ஒவ்வொன்றாக நின்று, ஜன்னலுக்கு வெளியே கருவேல மரங்களின் மேல் வெளிச்சம் மஞ்சளாகிப் பின் சாம்பலாகிக்கொண்டிருக்கும் இந்த நேரம் அவளுக்குப் பிடித்தமானது. யாரும் கேள்வி கேட்காத நேரம். இன்று அந்த அமைதிக்குள் எங்கோ ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது.

கம்பெனிக்கு மண்டபத்திலும் தேவிபட்டினத்திலும் சாயல்குடியிலும் ப்ரீசர் அறைகள் உண்டு. ஒவ்வொரு அறையின் கதவையும், உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால் அடிக்கும் பெல்லையும் ஒரு கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். அவற்றையெல்லாம் குரூப் குரூப்பாகப் பிரித்து வைப்பது முருகலட்சுமியின் வேலை. ஒரு குரூப்புக்குள் புதிய சாஃப்ட்வேரைப் போட்டுவிட்டால் போதும், அதிலிருக்கும் எல்லா ஊருக்கும் தானாகப் போய்ச் சேர்ந்துவிடும். ஒரே ஒரு குரூப் மட்டும் நேர்மாறு. அதில் விழுந்த கம்ப்யூட்டருக்குப் புதிதாக எதுவும் போகாது. ஏற்கெனவே போயிருந்ததும் பிடுங்கப்பட்டுவிடும். அதற்கு அவள் வைத்திருந்த பெயர் 'விலக்கு'.

இப்போது விலக்கில் இருந்தது தேவிபட்டினம். இருளம்மாள் செத்துப்போன ப்ரீசரின் கம்ப்யூட்டர். விசாரணை முடிந்ததும் அதைக் கழற்றிக் கொண்டுவரச் சொல்லி, உள்ளே இருந்ததையெல்லாம் தானே அழித்து, அட்டைப்பெட்டியில் கட்டி சர்வர் ரூம் மூலையில் வைத்திருந்தாள். அதற்கு மின்சாரம் கிடையாது. ஒயர் கிடையாது. ஆனாலும் திரையில் அதன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது.

இருளம்மாள் தேவிபட்டினத்தில் இறால் உரிக்கும் பெண்களுக்கு மேஸ்திரியாக இருந்தவள். ஒரு கூட்டத்தில் மேனேஜர் முன்னால் எழுந்து நின்று, "லட்சுமி மேடம் ஏசியில உக்காந்து என்னத்தையோ அனுப்புறாக. அது வந்த அன்னைக்கெல்லாம் எங்க பொட்டி படுத்துக்கிருது. ஒருநா எங்ககூட ஐசுக்குள்ள வந்து நில்லுங்க தாயி, அப்பத் தெரியும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை முருகலட்சுமி வீட்டுக்குக் கொண்டுபோனாள், அதோடு படுத்தாள், அதோடு எழுந்தாள். மறுநாள் முதல் வேலையாகத் தேவிபட்டினத்தைப் பிடித்து விலக்கில் போட்டபோது நெஞ்சுக்குள் இனித்தது.

அதற்குப் பிறகுதான் அந்த அவசர அப்டேட் வந்தது. கதவு வெகுநேரம் சாத்தியே இருந்தால், உள்ளிருந்து பொத்தானை அழுத்தினாலும் பூட்டு திறக்காமல், பெல்லும் அடிக்காமல் போகிற கோளாறு ஒன்றைச் சரிசெய்வது. இருளம்மாள் போன் செய்தாள்.

"ஏந்தாயி, மண்டபத்துக்கெல்லாம் வந்துருச்சாம்ல. பஸ்ஸுக்காரன் மாதிரி எங்கள மட்டும் விலக்குல எறக்கி விட்டுட்டுப் போயிட்டீகளா?"

ஊருக்குள் வராத பஸ்கள் மெயின்ரோட்டு விலக்கில் ஆளை இறக்கிவிட்டுப் பறந்துவிடும், அதைத்தான் சொன்னாள். குரூப்பின் பெயர் அவளுக்குத் தெரியாது. முருகலட்சுமி திரையில் அந்தப் பெயரை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"வரும், பொறுங்க" என்று போனை வைத்தாள்.

வரவில்லை. இருளம்மாள் மாட்டிக்கொண்ட ப்ரீசர் கதவின் உள்பக்கத்தில் நகக்கீறல்கள் இருந்ததாகச் சொன்னார்கள். முருகலட்சுமி போய்ப் பார்க்கவில்லை. அன்றே தேவிபட்டினத்தை விலக்கிலிருந்து எடுத்து மற்ற ஊர்களோடு சேர்த்துவிட்டு, இறந்தவரே கம்ப்யூட்டரை அடிக்கடி அணைத்து வைத்ததால் அப்டேட் சேரவில்லை என்று எழுதிக் கொடுத்தாள். தன் சாவுக்குத் தானே காரணமானவள் என்று இருளம்மாளுக்குப் பெயர் நிலைத்தது.

"மேடம்."

தூக்கிவாரிப் போட்டது. வாட்ச்மேன் அலியார் வாசலில் நின்றிருந்தார்.

"மஹ்ரிப் தொழுதுட்டு வந்துர்றேன். இங்கன என்ன இந்த வாட அடிக்கிது? சோத்து டப்பாவத் தொறந்து போட்டுருக்கீகளா?"

"நான் சைவம் பாய்."

"அப்ப ஏதோ பூனைக்கு விருந்து" என்று சிரித்தபடி படியிறங்கினார்.

அவர் போன பிறகுதான் அது அவளுக்கும் வந்தது. இறால் ஓட்டின் கவிச்சி. உருகும் ஐஸின் இரும்பு மணம். ஈர ரப்பர் கையுறை வாடை.

தேவிபட்டினத்தை விலக்கிலிருந்து நீக்கினாள். திரை ஒருமுறை சிமிட்டியது. திரும்ப வந்திருந்தது. நீக்கினாள். வந்தது. நாளை மேனேஜர் இதைப் பார்த்தால், இது எப்போது, யார் கையால் முதலில் இங்கே வந்தது என்று கேட்பார். அந்தப் பெட்டியை இப்போதே எடுத்துப்போய் எங்காவது உப்பாற்றில் போட்டுவிட வேண்டும்.

சொட்டும் சத்தம் சர்வர் ரூமிலிருந்துதான் வந்தது. கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் காட்டினாள், கதவு திறந்தது. ப்ரீசர்களுக்குப் போட்ட அதே பூட்டு, அதே பொத்தான். செலவு மிச்சமென்று அவளே சொல்லிப் போட்டது. உள்ளே மெஷின்களின் இரைச்சல் காதை அடைத்தது. மூலையில் அட்டைப்பெட்டி நனைந்து குழைந்திருந்தது. அதன் மேல் உப்புப் படிந்தாற்போல் வெள்ளையாக ஏதோ. தொட்டாள். விரல் ஒட்டிக்கொண்டது. பனி.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

ரேக்கில் இருந்த சின்னத் திரை தானாக ஒளிர்ந்தது. அதில் விலக்கு குரூப் திறந்திருந்தது. இப்போது இரண்டு பெயர்கள். தேவிபட்டினம் ப்ரீசர். அதற்குக் கீழே, தலைமை அலுவலகம் சர்வர் ரூம் கதவு.

பாய்ந்து பொத்தானை அழுத்தினாள். திறக்கவில்லை. அழுத்தினாள். பெல் இல்லை. போன் வெளியே மேஜையில். மூச்சு வெள்ளையாக வந்தது. கதவிலிருந்த சிறு கண்ணாடியில் ஓரங்களிலிருந்து பனி பூத்து நடுவை நோக்கி ஊர்ந்தது. மூடுவதற்குள் ஒரு பொட்டு இடைவெளியில் அலியார் தெரிந்தார். காலியான நாற்காலியைப் பார்த்தார். கதவுக்கு மேலிருந்த பச்சை விளக்கைப் பார்த்தார். உள்ளே ஆளில்லை என்று சொல்லும் விளக்கு.

"பாய்!"

மெஷின்களின் இரைச்சல் அதை விழுங்கியது. கண்ணாடி மூடிக்கொண்டது. வெளியே விளக்கு அணைந்தது. ஷட்டர் இறங்கும் அதிர்வு மட்டும் தரை வழியே உள்ளங்காலுக்கு வந்தது.

அழுத்தினாள். கதவைப் பிறாண்டினாள். அழுத்தினாள். விரல்கள் மரத்தன. சொட்டுச் சத்தம் நின்றிருந்தது. முதுகுக்கு மிக அருகில், சளி கட்டிய நெஞ்சு ஒன்று மெல்ல ஏறி இறங்கியது.

"வரும்" என்றது ஒரு குரல், காதுக்குள். "பொறுங்க தாயி."

அவள் தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டு, பொத்தானிலிருந்த அவள் விரல்மேல் விரல் வைத்து, அவளோடு சேர்ந்து அழுத்தத் தொடங்கியது. ஆரஞ்சு ரப்பர் கையுறை. நுனிகள் கிழிந்திருந்தன. வெளியே தெரிந்த விரல்களில் நகங்கள் இல்லை.