வடிகால் துளை

சுத்தியலால் தட்டிய இரும்பு, தட்டிய கணத்திலேயே வாயடைத்துப்போனது.

அவள் மறுபடியும் தட்டினாள். டிரெய்லரின் முன்பக்கத்திலிருந்து அடிச்சட்டம் நெடுகத் தட்டிக்கொண்டு வந்தபோது ஒவ்வோர் அடிக்கும் அது கணீரென்று பதில் சொல்லிக்கொண்டுதான் வந்தது; நடுவில், நீளமான குழாய்களை ஏற்றுவதற்காக வெட்டி நீட்டித் தகடு வைத்து மூடிய பகுதியில் மட்டும், ஒலிக்கும் மணியை யாரோ உள்ளங்கையால் பொத்தியதைப் போல ஓசை அறுந்தது. விரிசல் கண்ட இரும்பு கரகரக்கும். துருவேறியது மந்தமாக ஒலிக்கும். கனரக வண்டிகளின் சேசிஸ் மாற்றங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் இத்தனை ஆண்டுப் பணியில், இப்படி ஓர் ஓசையை அவள் கேட்டதில்லை.

"என்ன சுத்தியல் அக்கா, பாஸா ஃபெயிலா?" பட்டறைக்காரர் குனிந்து பார்த்தார். "நாளைக்கு லோடு ஏத்தணும். ஆகாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. வெட்டிப் போட்டுட்டு வேற ஆளை வெச்சுப் புதுசா பத்தவெச்சிடறேன்."

"வெட்ட வேணாம்" என்றாள் அவசரமாக.

"தம்பி செஞ்ச வேலைன்னு பாக்கறீங்க, புரியுது. ஆனா தண்ணி வடிய ஓட்டையே இல்லையே, கவனிச்சீங்களா?"

கவனித்திருந்தாள். மூடிய சட்டத்துக்குள் ஈரம் தங்கினால் உள்ளிருந்தே அரித்துவிடும். வடிகால் துளை இல்லாமல் சான்று கிடையாது. அந்தத் துளையைக் கடைசியாகப் போடுவது அவள் தம்பியின் வழக்கம். கடைசித் தகட்டைப் பற்றவைத்து முடித்தவன், கொஞ்சம் படுத்து எழுகிறேன் என்று இதே வண்டியின் அடியில் சாய்ந்தான். எழவில்லை. உறக்கத்திலேயே நெஞ்சு நின்றுபோயிருந்தது. அதன்பின் மாதக்கணக்கில் வண்டி அப்படியே கிடந்தது. அவன் கைபட்ட கடைசி வேலை இது. இதையும் வெட்டிப்போட்டால் அவன் இருந்ததற்கு என்ன மிச்சம்?

"துளையை நானே போட்டுடறேன். போட்டா பாஸ்தான்."

"எங்க அக்கா தர்பூசணி வாங்கினாக்கூடத் தட்டிப் பாத்து, சான்றிதழ் எழுதிக் குடுத்துட்டுத்தான் வாங்கும்னு சொல்லுவான், படவா" என்று சிரித்த பட்டறைக்காரர், சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். "சரி, போடுங்க. நான் சாப்பிட்டுட்டு வந்துடறேன்."

அவர் போனபின் தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டது. சாக்கை விரித்து, வண்டியின் அடியில் அவள் மல்லாந்து படுத்தாள். கிரீஸ் வாடை, ஈரமண் வாடை, முகத்துக்கு ஒரு சாண் மேலே கருத்த இரும்பு. சிறுவயதில் தம்பி சொன்ன கதை ஒன்று நினைவுக்கு வந்தது. ஓடிக் களைத்த காற்று ஒன்று, ஒரு ராத்திரி தங்கிக்கொள்கிறேன் என்று நத்தையின் கூட்டுக்குள் புகுந்துகொண்டதாம். விடிந்தும் வெளியே வராமல் உள்ளேயே சுற்றிச்சுற்றி முனகியதாம். "வாசல் திறந்துதானேடா இருக்கு, போக வேண்டியதுதானே?" என்று அவள் கேட்டாள். "போனா வெறும் காத்தாயிடுமேக்கா" என்றான்.

டிரில்லிங் மெஷினை அழுத்தினாள். இரும்புச் சுருள்கள் கழுத்தில் சுடச்சுட உதிர்ந்தன. முனை சட்டென்று உள்ளே இறங்கியது.

வெதுவெதுப்பான காற்று முகத்தில் பட்டது. எரிந்த வெல்டிங் ராடின் வாடை. அதற்கும் அடியில், பல்வலிக்காக அவன் ஓயாமல் வாயில் அடக்கிக்கொண்டிருந்த கிராம்பின் மணம். அவன் கடைசியாக இருந்த அந்த நாளின் காற்று. இத்தனை மாதம் இங்கே அடைபட்டுக் கிடந்திருக்கிறது. அழுதுகொண்டே, தீர்ந்துவிடப் போகிறதே என்று அதை ஆசையாக முகர்ந்தாள்.

தீரவில்லை.

மழை ஓய்ந்தது. வெளியே காற்றும் நின்றது. துளையின் விளிம்பில் தொங்கிய இரும்புத்தூள் அசைந்து, உள்ளே போனது.

வெளியே வந்தது. மறுபடி உள்ளே. உறங்குகிறவனின் சீரில்.

அவள் அசையாமல் கிடந்தாள். வெளிவரும் ஒவ்வொரு முறையும் காற்றின் சூடு குறைந்தது. கிராம்பின் மணம் மங்கியது. இடைவெளி நீண்டது. மூடியிருந்தவரை உள்ளே இருந்தது. அவள்தான் திறந்துவிட்டாள்.

கட்டைவிரலால் துளையைப் பொத்தினாள். விரலடியில் மெல்ல ஓர் இழுப்பு. பின் பலமாக. பின், சட்டம் முழுவதும் திமிறி நடுங்கியது. பதறி விரலை எடுத்தாள். சின்னதாய் ஒரு திணறல் கேட்டது. முன்னைவிடச் சின்னது.

"வேணாம்டா. போயிடாதடா."

துளையில் வாய் வைத்து ஊதினாள்.

அது வாங்கிக்கொண்டது. நாக்கில் கிராம்பு. இன்னொரு முறை ஊதினாள். கன்னத்தருகே இரும்பு சூடேறியது. இன்னும் ஒரு முறை. பிறகு, தனக்காக மூச்செடுக்க முகத்தை விலக்கப் பார்த்தாள்.

முடியவில்லை. உதட்டில் பட்டது இரும்பாக இல்லை. ஈரமாக இருந்தது. மென்மையாக இருந்தது. கவ்விக்கொண்டிருந்தது.

மூக்கு வழியாக அவள் இழுத்த காற்றும் நிற்காமல் அங்கேயே போனது. குதிகால்கள் தரையை உரசின. வாசலில் செருப்புச் சத்தம்.

"அக்கா? முடிஞ்சுதா?"

கண்கள் இருண்டுகொண்டு வந்தன. முகத்துக்கு மிக அருகே, அவள் தம்பி பற்றவைத்த தகடு மெல்ல விம்மி உயர்ந்தது. தாழ்ந்தது. உயர்ந்தது.