காத்திருப்போர்: 1

காகிதச் சுருளை இன்னும் உறையிலிருந்தே பிரிக்கவில்லை. டோக்கன் இயந்திரத்துக்கு மின்சாரம் கொடுத்து நான்கு நிமிடம்கூட ஆகியிருக்காது. அதற்குள் சுவரில் மாட்டிய திரையின் மூலையில் ‘காத்திருப்போர்: 1’ என்று வந்து நின்றது.

இயந்திரத்தைப் பொருத்த வந்திருந்த அவள் ஏணியிலிருந்தபடியே அதைப் பார்த்தாள். எவனோ சோதனை பண்ணிவிட்டு அழிக்காமல் பெட்டியில் போட்டு அனுப்பியிருக்கிறான் என்று நினைத்தாள். இறங்கி வந்து எல்லாவற்றையும் அழித்தாள். திரை கறுத்து, மறுபடி வெளிச்சம் வந்தது.

காத்திருப்போர்: 1. காத்திருக்கும் நேரம்: 19 நாள், 4 மணி.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்றரை. மருந்துக்கடையின் ஷட்டர் முழங்கால் உயரத்துக்கு இறங்கியிருந்தது. அதன் அடியில் ஒரு பட்டை வெயில் தரையில் விழுந்து, அதற்கு மேல் உள்ளே வரப் பயந்ததுபோல் அங்கேயே கிடந்தது. மீதிக் கடை முழுக்க ட்யூப்லைட்டின் வெளிறிய வெளிச்சமும், ஊசி மருந்து வைக்கும் குளிர்பெட்டியின் முனகலும், பினாயிலும் இருமல் மருந்தும் கலந்த வாடையும், அந்த வாடைக்குக் கீழே பிழியாமல் மூலையில் போட்ட துணியின் புளிப்பும். நான்கு கவுண்டர்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஆள் உயரக் கண்ணாடி, மருந்துச் சீட்டை நீட்ட அதில் ஒரு ஓட்டை. எதிரே ஒரே கம்பியில் கோத்த ஆறு இரும்பு நாற்காலிகள்.

ஐந்து மணிக்கு முதலாளி விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு திறப்புக்கு வருகிறார். அதற்குள் திரை பூஜ்யம் காட்ட வேண்டும். பூஜ்யத்தோடு ஒரு படம், படிவத்தில் முதலாளி கையெழுத்து, இரண்டும் அலுவலகத்துக்குப் போனால்தான் வேலை முடிந்த கணக்கு. அவளுடைய ஆறு மாதப் பயிற்சிக் காலம் நாளையோடு முடிகிறது. போன மாதம் ஒரு இடத்தில் ஏற்கெனவே சொதப்பியிருந்தாள். இன்னொன்று என்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வீட்டில் அம்மா, ஊரார் வீட்டுத் தரையையெல்லாம் துடைத்துத் துடைத்து முட்டி தேய்ந்துபோய், மகள் பட்டம் வாங்கிவிட்டாள், இனி அவள் உட்கார்ந்து வேலை பார்ப்பாள் என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இரண்டாவது கவுண்டரில் பச்சை நிற ‘அழை’ பொத்தானை அமுக்கினாள்.

“டோக்கன் எண் ஒன்று. கவுண்டர் இரண்டு,” என்றது பெண் குரல், கல்யாண மண்டபத்தில் வரவேற்பது மாதிரி.

மூன்றாவது நாற்காலி கிறீச்சிட்டது. ஒரு பாரம் எழுந்துகொள்ளும்போது இரும்பு விடும் அந்தப் பெருமூச்சு. ஆறு நாற்காலியும் லேசாக ஆடி அடங்கின.

யாருமில்லை.

அவள் ‘வரவில்லை’ பொத்தானை அமுக்கினாள். சற்று நேரம் கழித்து நாற்காலி மறுபடி கிறீச்சிட்டது. இந்தத் தடவை, உட்காருகிற சத்தம்.

சீனியருக்குப் போன் அடித்தாள்.

“என்ன மேடம், டிகிரில இதெல்லாம் சொல்லித் தரலையா?”

“அழிச்சாலும் திரும்பி வருது சார்.”

“வரலைன்னு அமுக்கினா வரிசைக்குத்தான் திரும்பிப் போகும். கவுண்டர்ல ஒரு ஆளோட பேரப் போட்டு லாகின் பண்ணு. கூப்பிடு, ‘முடிந்தது’ அமுக்கு, போயிடும். இதுக்கெல்லாம் எனக்கு ஞாயித்துக்கிழமை போன் பண்ணாத தாயே.”

வைத்துவிட்டான்.

பின்பக்கத்திலிருந்து தரை துடைக்கும் அக்கா வாளியை இழுத்துக்கொண்டு வந்தாள். லீவு நாளில் வரச்சொல்லியிருக்கிறார்கள் என்று காலையிலிருந்து அவள் வாய் ஓயவில்லை. “அந்த மிஷினு சீட்டு குடுக்கும், போர்டு ஆளக் கூப்பிடும். அப்போ முதலாளி என்னத்தப் பண்ணுவாரு பாப்பா? சும்மா உக்காந்து மீசைய முறுக்குவாரா?”

அவள் சிரிக்கவில்லை. “அக்கா, அந்த மூணாவது சேர் லூசா?”

துடைப்பம் நின்றது.

“உன்கிட்ட சொல்லலையா? அதுக்குத்தானே இந்த மிஷினே வாங்குனாங்க.”

“எதுக்கு?”

“ஒரு பெரியவரு. டாக்டர் சீட்டு பழசுன்னு முதலாளி அவர ஒதுங்கி உக்காரச் சொன்னாரு. அவருக்குப் பின்னாடி வந்தவன்லாம் வாங்கிட்டுப் போறான், இவரு அங்கயே உக்காந்திருக்காரு. கடை சாத்துற நேரம், நான் தொடைக்க வந்தேன். ஐயா, கால தூக்குங்கன்னேன். தூக்கல. தூங்குறாரேன்னு நானே ரெண்டு காலையும் தூக்கி அந்தாண்ட வச்சிட்டு அடில தொடைச்சேன். சில்லுன்னு இருந்துச்சு. ஏசியில உக்காந்தா அப்படித்தானேன்னு நெனச்சேன்.” புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். “மத்தியானமே போயிட்டாராம். பக்கத்துல உக்காந்திருந்த பொம்பள அவரு மடியில பையக்கூட வச்சிருந்தா.”

“எத்தன நாளாச்சு?”

“ஆச்சு, இருவது நாள் இருக்கும்.” அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கத்தைத் துடைக்கப் போனாள்.

பத்தொன்பது நாள்.

பயத்துக்குச் சம்பளம் தர மாட்டார்கள். அவள் இரண்டாவது கவுண்டர் நாற்காலியில் உட்கார்ந்து, பணியாளர் பெயர் என்ற கட்டத்தில் தன் பெயரை அடித்தாள். அழைத்தாள். குரல் வரவேற்றது. நாற்காலி கிறீச்சிட்டது. அப்புறம் அக்கா இப்போதுதான் துடைத்துவிட்டுப் போன ஈரத்தரையில், மூன்றாவது நாற்காலியின் காலடியில், இரண்டு இடம் மட்டும் உலர்ந்தது. பாதம் அளவுக்கு. அதற்கு முன்னால் இன்னொன்று. செருப்பைத் தேய்த்து நடக்கும் ஒருவனின் அவசரமில்லாத நடை. எத்தனையோ நாள் உட்கார்ந்துவிட்டவனுக்கு இனி என்ன அவசரம். உலர்ந்த தடங்கள் ஒவ்வொன்றாகக் கண்ணாடிவரை வந்தன.

நின்றன.

நீல நிற ‘முடிந்தது’ பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனாள். அப்போது கவுண்டருக்கு அடியில் ஏதோ அவள் கணுக்காலைத் தொட்டது.

ஐந்து விரல்கள். குளிர்பெட்டிக்குள்ளிருந்து எடுத்த குளிர். இழுக்கவில்லை, முரட்டுத்தனம் இல்லை. இரண்டு காலையும் சேர்த்துத் தூக்கி, பத்திரமாக, அந்தாண்ட வைத்தது.

அந்தக் குளிர் முழங்கால்வரை ஏறியது. இடுப்பு. மூச்சு பாதியில் நின்றது.

நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழுந்தாள். கையெட்டி ஒயரைப் பிடுங்கினாள். திரை அணைந்தது. கால் தன்னுடையதாகத் திரும்பி வர வெகு நேரம் பிடித்தது. ஒன்று புரிந்தது. அது யாரையும் தேடி வரவில்லை. அந்தக் கட்டத்தில் பெயர் போட்டு, அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ, அவர்களிடம் வருகிறது.

நான்கு ஐம்பது. போன் அடித்தது. முதலாளி.

“வந்துட்டே இருக்கோம். ரெடியாம்மா? இல்லைன்னா உங்க ஆஃபீசுக்கு நானே பேசிக்கிறேன்.”

“ரெடி சார்.”

சொல்லிவிட்டாள். காகிதச் சுருளைப் பொருத்தி, ஒயரைச் செருகினாள். காத்திருப்போர்: 1.

ஓடிவிடலாம். ஷட்டருக்கு அடியில் குனிந்தால் வெயில். நாளைக்கு அம்மாவின் முகம். பக்கத்து வீட்டுக்காரிகள். படிச்சு என்னத்தக் கிழிச்சா.

அக்கா புதுத் தண்ணீரோடு வந்து, நாற்காலிகளிலிருந்து கண்ணாடிவரை மறுபடி துடைத்தாள்.

“அக்கா.” அவள் குரல் அவளுக்கே தேனாக ஒலித்தது. “ஒரு டெஸ்ட் பண்ணணும். ரெண்டு நிமிஷம் இந்த கவுண்டர் சேர்ல உக்காருறீங்களா?”

“நானா? அந்த சேர்லயா?” அக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். “முதலாளி பாத்தா தோல உரிச்சிடுவாரு பாப்பா.”

“நான் சொல்லிக்கிறேன்.”

“ஒம்போது வருஷமா தொடைக்கிறேன், ஒரு நா உக்காந்ததில்ல.” சிரித்துக்கொண்டே வந்து, புடவையைத் தட்டிவிட்டு, நுனியில் உட்கார்ந்தாள். ஒரு தடவை சுழன்று பார்த்தாள். “அடேயப்பா. மெத்து மெத்துன்னு இருக்கு.”

“உங்க பேரு என்னக்கா?”

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். “இந்தக் கடையில என் பேரக் கேட்ட மொத ஆளு நீதான்.”

சொன்னாள். அவள் அந்தப் பெயரைக் கட்டத்தில் அடித்தாள். எழுத்துப் பிழை இல்லாமல் அடித்தாள். பிறகு கவுண்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். சுவரோரம். தூரமாக.

“இந்தப் பச்சைய அமுக்குங்க.”

“டோக்கன் எண் ஒன்று. கவுண்டர் இரண்டு.”

“ஐயோ, என்னமா பேசுது!”

நாற்காலி கிறீச்சிட்டது. அக்கா, குரல் வந்த பெட்டியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தரையில் தடங்கள். ஒன்று. இன்னொன்று.

அக்காவின் சிரிப்பு நின்றது. கவுண்டருக்கு அடியில் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள்.

“பாப்பா. யாரோ கால...”

“அந்த நீலத்த அமுக்குங்கக்கா.”

“பாப்பா, சில்லுன்னு...”

“அமுக்குங்க. அமுக்குனா போயிடும்.”

அக்கா அவளை நம்பினாள். அமுக்கினாள்.

காத்திருப்போர்: 0.

படம் எடுத்தாள். மங்கலாக வந்ததால் இன்னொன்று எடுத்தாள். இரண்டாவது தெளிவாக வந்தது. அனுப்பினாள்.

ஷட்டர் சடசடவென்று மேலே போனது. முதலாளி, அவர் மனைவி, நாலைந்து விருந்தாளிகள், செண்ட் வாசனை. ஒவ்வொருவரும் ஒரு டோக்கன் எடுத்து விளையாடினார்கள். குரல் ஒவ்வொருவரையும் வரவேற்றது. முதலாளி திரையைப் பார்த்தார், தலையாட்டினார், படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

“சுத்தமான வேலை. இனி கூச்சல் இல்ல, குழப்பம் இல்ல.” அப்போதுதான் கவுண்டரைப் பார்த்தார். பல்லைக் கடித்தபடி சொன்னார். “இவள யாரு இங்க உக்கார வச்சது? ஏய். எந்திரி.”

அக்கா எழவில்லை.

“உக்காந்தா போதும், தூங்கிடுவாளுங்க,” என்று விருந்தாளிகளைப் பார்த்துச் சிரித்தார். அவர்களும் சிரித்தார்கள். யாரோ தன் டோக்கன் சீட்டைக் கண்ணாடி ஓட்டை வழியாக அக்காவின் முன்னால் போட்டார். இன்னொருவர் அதன்மேல் போட்டார்.

அக்கா தூங்கவில்லை. கண் திறந்திருந்தது. அந்தக் கண் கண்ணாடி வழியாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

அந்த உதட்டுக்கு நேரே, கண்ணாடியின் உள்பக்கம், மூச்சு பட்டு ஒரு வெண்வட்டம். மங்கியது. மறுபடி படர்ந்தது. முன்பைவிடச் சின்னதாக.

அதே உயரத்தில், கண்ணாடியின் வெளிப்பக்கம், யாரும் நிற்காத இடத்தில், இன்னொரு வட்டம்.

உள்ளே சுருங்கச் சுருங்க, வெளியே விரிந்தது.

படிவத்தை அவள் மார்போடு அணைத்துக்கொண்டாள்.

உள்பக்கம் தெளிந்துவிட்டது.

வெளிப்பக்கம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. சீராக. நிதானமாக. நீண்ட நாள் கழித்து.