பச்சை ட்ரையம்ப் விற்பனைக்கு

காரில் ஏறி உட்கார்ந்ததும் டெஸ்மண்டின் முழங்கால்கள் ஸ்டீயரிங்கில் இடித்தன. இருக்கையை யாரோ முன்னால் இழுத்து வைத்திருந்தார்கள். ஆறடிக்கு மேல் வளர்ந்த மனிதர் அவர். வீட்டில் அவரைத் தவிர ஆள் கிடையாது, கராஜ் சாவியும் அவருடைய சட்டைப்பையில்தான் இருந்தது. நேற்றும் இப்படித்தான் இடித்தது. நேற்று மறதியின் மேல் பழியைப் போட்டுவிட்டார். எழுபது வயதில் அது ஒரு வசதி.

ஒரு பண்ணைக் கொட்டகையில் துருப்பிடித்த கூடாகக் கிடந்த வண்டி அது. அறுபதுகளில் வந்த ட்ரையம்ப். இரண்டே இருக்கை, துணிக் கூரை. எப்போதோ கால்வாயில் மூழ்கிக் கிடந்ததுபோல், கதவுகளுக்குள்ளும் அடிச்சட்டத்துக்குள்ளும் கால்வாய்ச் சேறு காய்ந்து அடைத்திருந்தது. அதைச் சுரண்டி எடுத்து, துருவை அறுத்து, தகடு வைத்து, என்ஜினைப் பிரித்துப் பூட்டி, புதுத் தோல் தைத்து, பச்சை அடித்து நிமிர்ந்தபோது அவர் கிழவராகியிருந்தார். பக்கத்து இருக்கையில் உட்கார ஒரு ஆள் இல்லையே என்று நினைக்காமல் ஓட்டப் பழகிக்கொண்டார்.

இப்போது வீடு கைமாறிவிட்டது. விட்பி என்ற ஊரில் அக்கா பெரில் அவருக்காக ஒரு அறையை ஒழித்து வைத்திருந்தாள். கடலோரச் சரிவில் வீடு. சைக்கிள் நிறுத்தக்கூட இடமில்லை. கார் போனால்தான் அவர் போகலாம்.

"அந்த இரும்புக் காதலியத் தலைமுழுகிட்டு சீக்கிரம் வந்து சேருடா டெஸ்," என்று காலையில் போனில் சொன்னாள். "மீன் பொரிச்சு வச்சா, உப்பு கம்மின்னு குறை சொல்லவாவது ஒரு ஆள் வேணும் எனக்கு."

போனை வைத்த பிறகும் அவர் அதன் பக்கத்திலேயே நின்றார். பேச்சுக்குரல் இருக்கிற ஒரு வீடு. அதற்கு மேல் அவருக்கு எதுவும் வேண்டாம்.

சத்தம் இலையுதிர் காலத் தொடக்கத்தில் ஆரம்பித்தது. மாலையில் சமையலறையில் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கும்போது, சுவருக்கு அந்தப் பக்கம், கராஜில், டிக், டிக் என்று விட்டு விட்டுக் கேட்கும். ஓடி வந்து நின்ற என்ஜின் சூடு ஆறும்போது உலோகம் சுருங்கி எழுப்புகிற அதே சத்தம், அவர் காரைத் தொடாத நாட்களிலும். உண்மையைச் சொன்னால் முதலில் அது அவருக்குப் பிடித்திருந்தது. வெளியே போன யாரோ வீடு திரும்பியதுபோல் இருந்தது. ஒரு மாலை, யோசிக்காமல், இரண்டு கோப்பையில் தேநீர் ஊற்றிவிட்டார். அன்று கராஜைத் திறந்தபோது ஈரக் கம்பளி வாடை முகத்தில் அடித்தது. ஓட்டுநர் இருக்கை நனைந்திருந்தது. அதன் பிறகு அவர் சமையலறையில் வானொலியைச் சத்தமாக வைக்க ஆரம்பித்தார்.

இன்று ரோசலிண்ட் கீன் என்ற பெண்மணி வண்டி பார்க்க வருகிறார். "நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணி வச்சிடாதீங்க, மிஸ்டர் தோர்லி," என்று போனிலேயே எச்சரித்திருந்தார். "குளுந்து கெடக்கற வண்டி எப்படி எந்திரிக்குதுன்னு பாக்கணும் நான்."

பழைய வண்டி வாங்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் பானெட்டில்தான் கை வைப்பார்கள். சூடாக இருந்தால் விற்கிறவன் எதையோ மறைக்கிறான். போன வாரம் வந்தவர் கை வைத்தார், சட்டென்று எடுத்தார், புன்னகைத்தார், பிஸ்கட்டைப் பாராட்டினார், யோசித்துச் சொல்கிறேன் என்றார். போனவர் போனவர்தான்.

டெஸ்மண்ட் இருக்கையைப் பின்னால் தள்ளிவிட்டு இறங்கி, பானெட்டில் உள்ளங்கையை வைத்தார். சுட்டது.

அவர் ஓடிப்போய்ப் படுக்கை விரிப்பைக் குளிர்ந்த நீரில் முக்கி எடுத்து வந்து பானெட்டின் மேல் போர்த்தினார். ஆவி எழுந்தது. பிழிந்தார், மறுபடி முக்கினார், மறுபடி போர்த்தினார். துடைத்து முடித்தபோது கையெல்லாம் சேற்று வாடை. வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

ரோசலிண்ட் உயரமானவர், ரப்பர் பூட்ஸ் போட்டவர், சிரிப்பு முன்னால் வர ஆள் பின்னால் வருகிற ரகம். நேரே பானெட்டுக்குப் போனார். "ஐஸ் மாதிரி இருக்கு. நேர்மையான மனுஷன்தான் நீங்க."

சாவியைத் திருப்பியதும் என்ஜின் பிடித்துக்கொண்டது. ரோசலிண்டின் முகம் மலர்ந்துவிட்டது.

"கூரைய மடிச்சிடுங்க. பனின்னா பனிதான், என்ன இப்போ? ஆனா ஒண்ணு, ஏதாவது குறை இருந்தா இப்பவே சொல்லிடுங்க. அப்புறம் சண்டைக்கெல்லாம் வரமாட்டேன். அழுதுருவேன், அவ்ளோதான்."

டெஸ்மண்ட் வாயைத் திறந்தார். எப்படிச் சொல்வது? சொன்னால் இவரும் போய்விடுவார். மறுபடி அந்தச் சமையலறை, அந்தச் சுவர்.

"குறைன்னு ஒண்ணும் இல்ல."

"அப்ப நீங்களும் ஏறுங்க. ஒரு சுத்து போயிட்டு வருவோம்."

"முதுகு வலி. நீங்க போயிட்டு வாங்க."

ரோசலிண்ட் வழக்கப்படி தன் கார் சாவியைப் பிணையாக அவர் கையில் வைத்தார். "திரும்பி வரலைன்னா எங்காரு உங்களுக்கு. பாவம், அதுல ஹீட்டர் வேலை செய்யாது."

வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. லிங்கன்ஷயரின் இந்தத் தாழ்நிலத்தில் சத்தத்தை மறிக்க ஒரு மேடும் கிடையாது. அறுவடையான பீட் கிழங்கு வயல்களின் அழுகல் வாடைக்கும் கால்வாயிலிருந்து எழுந்து வந்த மூடுபனிக்கும் நடுவில் டெஸ்மண்ட் கேட்டருகே நின்று, ரோசலிண்ட் கியர் மாற்றுவதையும், கால்வாய்க் கரைச் சாலையில் என்ஜின் குஷியாக இரைவதையும், நீரிறைக்கும் பம்ப்ஹவுஸ் பக்கத்து வளைவை நோக்கி அந்த இரைச்சல் மெலிந்துகொண்டே போவதையும் கேட்டுக்கொண்டிருந்தார். கூப்பிட்டுத் தடுத்திருக்கலாம். இன்னும் கொஞ்சம் முன்னால், கூப்பிட்டிருக்கலாம்.

வளைவில் வேகம் குறைய வேண்டும். குறையவில்லை.

பிறகு ஒன்றும் கேட்கவில்லை. மோதுகிற சத்தமோ, அலறலோ, தண்ணீர்ச் சத்தமோ இல்லை. வாத்துகள்கூட அடங்கிவிட்டன. உள்ளே தொலைபேசி அடித்தது. அக்காவாக இருக்கும். அவர் அசையவில்லை. அடித்து அடித்து ஓய்ந்தது.

பனிக்குள் சரளைக்கல் நொறுங்கும் ஓசை.

விளக்கு இல்லை. என்ஜின் சத்தமும் இல்லை. பச்சை மூக்கு தெரிந்தது. மெதுவாக உருண்டு வந்தது.

"மிஸஸ் கீன்?"

ரோசலிண்ட் காரில்தான் இருந்தார். இடது பக்கம். பயணிக்கான இருக்கையில். முடி நனைந்து கன்னத்தில் ஒட்டியிருந்தது. கைகள் மடியில் கிடந்தன. கண்கள் மட்டும் திரும்பி அவரைப் பார்த்தன. உதடுகள் அசைந்தன, குரல் வரவில்லை.

வலது பக்கம் யாரும் இல்லை.

கார் அவர் எதிரில் வந்து நின்றது. ஸ்டீயரிங் மெல்லத் திரும்பி, சக்கரங்களை நேராக்கியது. பொறுப்பாக வண்டி ஓட்டுகிறவர்கள் செய்வதுபோல.

அப்புறம் ஹேண்ட் பிரேக். தானாக, மேலே எழும்பியது. கிளிக். கிளிக். கிளிக்.