இலைக்கு வைத்த பால்

"அந்தச் செடிக்கு எதுக்கும்மா பாலு?" என்று நிரோஜினி ஒருமுறை கேட்டாள்.

இலை பளபளக்கப் பங்களாத் துரைசாணி பாலில்தான் துடைக்கச் சொல்கிறார் என்றாள் டோரீன். சொல்லிவிட்டு மகளின் கையைப் பிடித்தபோது எலும்புதான் தட்டுப்பட்டது.

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பங்களாவில் டோரீனுக்கு வேலை. முன்கூடத்தில் நட்டிருந்த மரக்கட்டையைப் பற்றிக்கொண்டு கூரைவரை ஏறியிருந்தது அந்தச் செடி. மண் கிடையாது. முறம் அகலத்துக்கு இலைகள். காற்றில் தொங்கும் விரல் தடிமன் வேர்கள். மறுநாளிலிருந்து அவள் இலைகளை வெறும் தண்ணீரில் துடைத்துவிட்டு, பாலைத் தாங்கள் குடியிருந்த லயத்துக்குக் கொண்டுபோனாள். பிள்ளையின் பசிக்கு எடுப்பதை ஆண்டவர் களவாக எண்ணமாட்டார் என்று நம்பினாள். மகளின் கன்னம் மெல்ல உப்பியது.

சமையல்கார வியாகுலம் மட்டும் கேட்டார். "ஏன் புள்ள, எலையெல்லாம் மங்கிக் கெடக்கு? பாலு லயத்துப் பக்கம் மேயப் போயிருச்சா?" கேட்டவர், அன்றைக்கு ஒரு கரண்டி கூடவே ஊற்றிக் கொடுத்தார்.

ஆனி மழையில் லயத்துக் கூரை ஒழுகியது. துரைசாணி கொழும்பில் இருந்த தைரியத்தில், காய்ச்சலில் கிடந்த மகளைப் பங்களாவுக்குத் தூக்கிவந்து, கூடத்துக் கணப்படுப்பின் அருகே பாய்போட்டுக் கிடத்தினாள். வியாகுலம் கடைக்குப் போயிருந்தார். பகலிலேயே மூடுபனி கண்ணாடிகளில் அப்பியிருக்க, ஈரக் கம்பளி வாடையும் யூக்கலிப்டஸ் புகையும் கூடத்தை நிறைத்திருந்தன. கஞ்சி எடுக்கக் குசினிக்குப் போனவளுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. பச்சைக்குழந்தை முலை குடிப்பதுபோல, நிதானமாக, அவசரமே இல்லாமல்.

திரும்பி ஓடினாள்.

வேர்கள் எல்லாம் பாயின் பக்கம் சாய்ந்திருந்தன. ஒன்று நிரோஜினியின் வாய்க்குள்.

இழுத்தாள். வந்துகொண்டே இருந்தது. முழ நீளம். நுனியில் ஒரு வெள்ளைச் சொட்டு. பால்.

மகளின் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மூச்சு இருந்தது. வாரியெடுத்துக் குசினிக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினாள்.

கதவின் அடியில் வெள்ளை நுனி ஒன்று நுழைந்தது. இன்னொன்று. பிள்ளையை நோக்கியே.

"எடுத்தது நாந்தான்," என்றாள் டோரீன். "எங்கிட்ட வாங்கிக்க. புள்ளய விட்ரு."

நுனிகள் நின்றன. பின்வாங்கின.

மகளுக்குக் கம்பளியைப் போர்த்திவிட்டுக் கூடத்துக்கு வந்து, பாயில் உட்கார்ந்தாள். யாரும் இல்லை. சிலுவை போட்டுக்கொண்டு, வாயைத் திறந்தாள்.

அவள் கன்னம் ஒட்ட ஒட்ட, மேலே இலைகள் ஒவ்வொன்றாக மினுங்கத் தொடங்கின.