ஒழுக்கு நின்ற பிறகு

1936, ஆனி மாதம். சாரல் பிடித்த ஒரு காலையில் ராயகிரியிலிருந்து கூண்டு வண்டியில் தென்காசிக்கு வந்து இறங்கினாள் வடிவம்மாள். குத்தாலிங்கத்துக்கு அவள் இரண்டாம் தாரம். முன்னால் பட்டறை, பின்னால் வீடு. பட்டறையைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். வலது காலை எடுத்து வைத்ததும் பாதம் வழுக்கியது.

எண்ணெய்.

நடுவே, இரும்பைக் கடையும் பழைய கடைசல் மெஷின் நின்றது. செங்கோட்டைக்கு மேலே ஏதோ தேயிலைத் தோட்டத்தில் கழித்துப்போட்ட இரும்பு. குத்தாலிங்கமும் அவன் முதல் மனைவி நாச்சியாரும் ஒரு வருஷம் உட்கார்ந்து துருவைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அதை மறுபடி ஓடவைத்திருந்தார்கள். போன தை மாதம் நாச்சியார் காய்ச்சலில் இறந்துபோனாள்.

“இது ஒரு நாளும் ஒழுகினதில்ல,” என்று தரையைத் துடைத்தான் குத்தாலிங்கம். “அவ இருந்தப்ப இந்தத் தரையில சோறு போட்டுத் திங்கலாம்.”

புதுப்பெண்ணிடம் அவன் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அதற்குப் பிறகு ஒழுக்கு நிற்கவே இல்லை. பகல் முழுக்கக் குத்தாலிங்கம் மெஷின் முன்னால் மண்டியிட்டுக் கிடந்தான். சாப்பிடக் கூப்பிட்டால் “வருதேன்” என்பான். சோறு ஆறிப் பச்சைத்தண்ணீராகிவிடும். அடுத்த வீட்டுப் பிச்சம்மாள் வேறு, வந்த அன்றே, “நாச்சியாருக்கு முடி முழங்கால் வரைக்கும் கிடக்கும்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். வடிவம்மாள் தன் எலிவால் பின்னலை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். செத்தவளோடு சண்டை போட முடியாது. மெஷினோடு போடலாம்.

அவளுடைய அப்பா அரிசி மில்லில் எஞ்சின் பார்த்தவர். எண்ணெய் ஒழுகினால் எங்கே கை வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

ஒரு மத்தியானம் குத்தாலிங்கம் பெல்ட் வாங்கச் செங்கோட்டைக்குப் போயிருந்தான். அவள் ஸ்பேனரை எடுத்து பேரிங் மூடியைக் கழற்றினாள். உள்ளே சுழலும் தண்டைச் சுற்றி எண்ணெயைத் தடுக்க ஒரு கம்பளி வளையம் இருக்க வேண்டும்.

முடி இருந்தது.

மெல்லிசாகப் பின்னி, தண்டைச் சுற்றி இறுக்கியிருந்தது. இழுத்தாள். வந்தது. கை நீளத்துக்கு, ஆள் நீளத்துக்கு, வந்துகொண்டே இருந்தது.

வடிவம்மாளுக்கு வயிறு எரிந்தது. இதை உள்ளே வைத்துக்கொண்டுதானா இவர் இங்கேயே பழியாய்க் கிடக்கிறார்? சுருட்டி அடுப்பில் போட்டாள். முடி கருகும் நாற்றம் வரவில்லை. மருதாணி போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெய் வாசம் வீடு முழுக்க நிறைந்தது.

கம்பளியை வெட்டிப் புது வளையம் போட்டாள். எண்ணெய் திரும்பி வடியும் சிறு துளையில் அடைத்திருந்த கசடைக் கம்பியால் குத்தி எடுத்தாள். மூடியை முறுக்கினாள். அப்பா பார்த்திருந்தால் மெச்சியிருப்பார்.

விடிந்தபோது மெஷினுக்கு அடியில் எண்ணெய் குளமாக நின்றது. மூடியைக் கழற்றிப் பார்த்தாள்; கம்பளி காய்ந்தே இருந்தது. தரையில் கிடந்ததை விரலால் தொட்டு முகர்ந்தாள்.

மெஷின் எண்ணெய் இல்லை.

மருதாணி.

“அவ முடிய எதுக்கு மெஷினுக்குள்ள வச்சீங்க?” என்று கணவனிடம் கேட்டே விட்டாள்.

“யாரு முடிய?”

“உங்க நாச்சியார் முடியத்தான்.”

குத்தாலிங்கம் அவளை ஏறிட்டுப் பார்த்தான். “என்னட்டி சொல்லுத? காய்ச்சல்ல கிடக்கும்போதே அவளுக்கு மொட்டை அடிச்சாச்சு. முடியச் சித்தாத்துல விட்டது நான்தான். நீ வாறதுக்கு முந்தின நாள்தான் மெஷினுக்குப் புதுக் கம்பளி போட்டேன்.”

அவன் முதுகுக்குப் பின்னால் சொட்டுச் சத்தம் கேட்டது.

ஒன்று.

இன்னொன்று.

அவன் வெளியே போனதும் வடிவம்மாள் மெஷின் அருகே போனாள். “அக்கா,” என்றாள் மெல்ல. “மெஷின நீயே வச்சுக்கோ. அவர விட்ரு.”

பெல்ட்டை இழுக்கும் எஞ்சின் ஓடவில்லை. தண்டு தானாக அரைச் சுற்றுச் சுற்றி நின்றது.

மறுநாள் தரை காய்ந்திருந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே. குத்தாலிங்கம் வேளைக்குச் சாப்பிட வந்தான். “நீ கைராசிக்காரிட்டி” என்று சிரித்தான். குற்றாலத்துக்குக் கூட்டிப்போய் அருவியில் குளிக்கவைத்து, திரும்பும் வழியில் பலாச்சுளை வாங்கித் தந்தான். வண்டியில் அவன் தோளோடு ஒட்டி உட்கார்ந்தபோது, முதல்முறையாக அவளுக்கு யார் மேலும் பொறாமை வரவில்லை.

சனிக்கிழமை காலை, “எண்ணெய் தேய்ச்சு விடுட்டி” என்று புறவாசலிலிருந்து குரல் கொடுத்தான்.

நல்லெண்ணெயில் இரண்டு மிளகு போட்டுக் காய்ச்சி, கிண்ணத்தோடு புறவாசல் படிக்கு வந்தாள். முற்றத்தில் மணைப்பலகையில், கோவணத்தோடு, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். உச்சியிலிருந்து எண்ணெய் வழிந்து பிடரியில் இறங்கிக்கொண்டிருந்தது.

“போதும்ட்டி,” என்றான் சுகமாக. “இன்னைக்கு உன் கை ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு?”

வடிவம்மாள் படியைவிட்டு இன்னும் இறங்கவில்லை.

அவன் தலை மெல்ல முன்னும் பின்னும் அசைந்துகொண்டிருந்தது.